பால்பல்லும் பட்டினிக் காவலும்

"நான் இருக்கும்போது ஒரு பருக்கைகூட அவன் வாய்க்குள்ள போகாது!" என்று மார்தட்டினார் கிடங்கு அதிகாரி. அவருடைய கிடங்கில் அவர் கையெழுத்தில்லாமல் ஓர் ஆணிகூட வாசல் தாண்டாது. ஒரு நாய்க்குட்டியின் வாய்க்குக் காவல் இருப்பது என்ன பெரிய கம்பசூத்திரம்?

பொடியனுக்கு ஏழு மாதம். ஒரு கைப்பிடி உடம்பு. பரிசோதனைக்குப் போனபோது டாக்டர் வாயைத் திறந்து பார்த்து, "புதுப் பல் வந்தாச்சு, பழைய பால்பல் விழவே இல்லை. சின்ன ஜாதி நாய்களுக்கு இப்படி ஆகும். நடுவுல சாப்பாடு சிக்கி அழுகிடும். மயக்க மருந்து குடுத்து எடுத்துடலாம். வெறும் வயித்தோட கூட்டிட்டு வாங்க" என்றிருந்தார். வயிற்றில் ஏதாவது இருந்தால் மயக்கத்தில் வாந்தி வந்து மூச்சுக்கே ஆபத்தாம். தேதியை மனைவிதான் போனில் கேட்டு வாங்கினாள்.

"பத்து மணிக்கு ஆபரேஷன். நான் குளிச்சிட்டு வரேன், பாத்துக்குங்க" என்று அவள் உள்ளே போனாள்.

பொடியன் அவர் காலடியில் வந்து உட்கார்ந்து பார்த்தான். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவன் அந்தப் பக்கம் வந்து பார்த்தான். பிறந்ததிலிருந்தே பட்டினி என்பது போல ஒரு பார்வை. கல்லே கரையும், இவர் வெறும் கிடங்கு அதிகாரி. கை தானாக பிஸ்கட் டப்பாவுக்குப் போயிற்று. ஒன்று. பாவம், இன்னும் ஒன்று.

மூன்றாவது உள்ளே போனபிறகுதான் டாக்டர் சொன்னது உறைத்தது. சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால்? அந்தச் சின்ன வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்தார். மானமாவது மண்ணாங்கட்டியாவது!

மனைவி ஈரத்தலையோடு வந்ததும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். "மூணு பிஸ்கட் குடுத்துட்டேன். இன்னைக்கு வரலைன்னு டாக்டர்கிட்ட சொல்லிடு. என்னை என்ன வேணா திட்டிக்கோ."

அவள் திட்டவில்லை. தலையைத் துவட்டிக்கொண்டே, "மூணுதானா? நான் அஞ்சு எதிர்பார்த்தேன்" என்றாள்.

"என்னது?"

"ஆபரேஷன் நாளைக்குத்தாங்க. இன்னைக்கு உங்களுக்குப் பரீட்சை."

"அடிப்பாவி! அதுக்காக அவனைப் பட்டினி போடலாமா?"

"யாரு பட்டினி? நீங்க எழுந்திருக்கிறதுக்கு முன்னாடியே வயிறு முட்ட சாப்பிட்டாச்சு."

அவர் பொடியனைப் பார்த்தார். அவன் நான்காவது பிஸ்கட்டுக்குக் காத்திருந்தான்.

"சரி, நாளைக்கு அவனை வேற எங்கேயாவது விட்டுடலாமா?" என்று முனகினார்.

"அவன் எதுக்கு? அவன் வீட்டுலயே இருப்பான். உங்களைத்தான் காலையில ஆறு மணிக்கு உங்க அக்கா வீட்டுல விட்டுட்டு வரப்போறேன்."