பரங்கிக் கவாத்து

சிப்பாய்க் கவாத்து பழக்க வந்த கொர்னேலிஸ் துரை போட்ட சத்தம் ஏரியின் எதிர்க்கரை வரைக்கும் கேட்டிருக்கும். கேட்டவர்களில் ஒருவருக்கும் அது புரியவில்லை என்பதுதான் சிக்கல். மணலில் வரிசையாக நின்ற பன்னிரண்டு பேரில் பதினொரு பேர் ஒரே சமயத்தில் கழுத்தைத் திருப்பிக் கோதண்டத்தைப் பார்த்தார்கள்.

பார்த்ததில் தப்பில்லை. டச்சுக்காரர்களான ஒல்லாந்தரின் பழவேற்காட்டுக் கோட்டைக்கு உள்ளூர்க் காவல்படை சேர்க்கிறார்கள் என்று தெரிந்ததும் முதல் ஆளாகப் போய் நின்றவன் அவன். முன்அனுபவம் உண்டா என்று துரைக்கு மொழிபெயர்க்கும் துபாசி துளசிங்கம் கேட்டபோது, "மயிலாப்பூர்ல பரங்கிங்க கவாத்துல ரெண்டு வருசம் நின்னுக்கினு இருந்தேங்க" என்று சொல்லியிருந்தான்.

அது முழுப் பொய்யும் இல்லை. இரண்டு வருஷம் கருவாட்டுக் கூடையோடு மயிலாப்பூருக்குப் போனவன், கூடையை இறக்கிவைத்துவிட்டுப் போர்ச்சுகீசியப் பரங்கிகளின் கோட்டை வாசல் வழியாகக் கவாத்தை எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றது நிஜம். துளசிங்கம் பூரித்துப்போய், வெள்ளைக்காரர்களிடம் பழகிய ஆள் கிடைத்துவிட்டான் என்று துரையிடம் சொல்லி, அவனை வரிசையின் முதலில் நிறுத்திவிட்டார்.

கோதண்டத்துக்கு இந்த வேலை கிடைத்தே ஆக வேண்டும். இருபத்தாறு வயதுக்குள் அவன் இரண்டு வலைகளைத் தொலைத்திருந்தான். மாமனார் கொடுத்த படகை ஒரு நாள் கட்ட மறந்ததில் அது முகத்துவாரத்தைத் தாண்டித் தன்னந்தனியாகக் கடலுக்குப் போய்விட்டது. மனைவி லோகநாயகி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். "ஒரு வேலையாவது உருப்படியா செஞ்சான்னு ஊரு சொல்லட்டும். அப்பால வந்து என்னிய இட்டுக்கினு போ" என்று சொல்லிவிட்டு, ஏரிக்கு அந்தப் பக்கம் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஆகவே தெரியாது என்று காட்டிக்கொள்ள முடியாது. கோதண்டம் வலது காலைத் தூக்கிப் பொத்தென்று மணலில் வைத்து இடப்பக்கம் திரும்பினான். பதினொரு பேரும் அப்படியே செய்தார்கள். துரை சிறிது நேரம் கண் கொட்டாமல் பார்த்தார். பிறகு மெல்லத் தலையை ஆட்டினார்.

பிழைத்தோம் என்று கோதண்டம் மூச்சு விட்டான். ஆனால் துரை மறுநாளும் வந்தார். புதிதாக ஏதோ கத்தினார். மயிலாப்பூரில் பார்த்ததில் கோதண்டத்துக்கு நினைவில் நின்றது அந்தத் திரும்பல் ஒன்றுதான்; மற்றபடி கைவந்த அசைவுகள் ஏரியில் பழகியவை மட்டும்தான். துப்பாக்கிக்குப் பதிலாகக் கொடுத்திருந்த மூங்கில் கழியைத் தரையில் ஊன்றி, படகைத் தள்ளுவது போல உடம்பை வளைத்துத் தள்ளினான். பன்னிரண்டு பேரும் இல்லாத படகைத் தள்ளினார்கள். அடுத்த நாள் வலை இழுத்தார்கள். அதற்கும் அடுத்த நாள் இடுப்பைத் திருப்பி வலை வீசினார்கள். ஒரு மாதத்துக்கு மேல் இப்படியே ஓடியும் துரை ஒன்றையும் திருத்தவில்லை. சில சமயம் விரலைச் சுழற்றி, இன்னொரு தரம் என்று சைகை காட்டுவார். அவ்வளவுதான்.

கவாத்து முடிந்ததும் தலைவனாக வர ஆசைப்படுகிறவனுக்கு இருக்க வேண்டிய குணங்களைத் துரை ஒரு தாளைப் பார்த்து வாசிப்பார். அந்த நேரத்துக்கு வந்துசேரும் துளசிங்கம் தமிழில் சொல்வார். நேரத்துக்கு முன்னால் வர வேண்டும். உடுப்பு சுத்தமாக இருக்க வேண்டும். ஆபத்தில் முதல் ஆளாகவும் சோற்றில் கடைசி ஆளாகவும் நிற்க வேண்டும். பொய் சொல்லக் கூடாது.

கடைசியைக் கேட்கும்போதெல்லாம் கோதண்டம் தன் கால் கட்டைவிரலைப் பார்ப்பான். அந்தக் குறையை மற்றவற்றில் ஈடுகட்டலாம் என்று நினைத்தான். எல்லாருக்கும் முன்னால் வந்தான். வேட்டியைத் துவைத்துத் துவைத்துக் கிழித்துவிட்டான். எல்லாரும் சாப்பிட்ட பிறகு சாப்பிட உட்கார்ந்ததில் மூன்று நாள் அவனுக்குச் சோறே மிஞ்சவில்லை. பலன், இவனைப் போல ஒருவன் உண்டா என்ற பேச்சு கோட்டைக்குள் பரவி, கோட்டைக்கே அதிகாரியான பெரிய துரையின் காதுக்கே போய்விட்டது. வருகிற வெள்ளிக்கிழமை அவர் நேரில் வந்து கவாத்தைப் பார்க்கப்போவதாகத் துளசிங்கம் வந்து சொன்னார்.

பெரிய துரைக்கு அசல் கவாத்து தெரிந்திருக்குமே என்று கோதண்டம் பயந்தான். வரிசையில் அவனுக்கு அடுத்து நிற்கும் கோபாலிடம் மட்டும் உண்மையைச் சொன்னான். கோபால் ஏரியில் கையாலேயே நண்டு பிடிக்கிறவன். அவன் அலட்டிக்கொள்ளவில்லை. கோட்டை வாசலில் காவல் நிற்கும் இரண்டு வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கு ஒரு கூடை நண்டு கொடுத்தால் அசல் கவாத்தைக் காட்டிவிடுவார்கள் என்றான்.

கோபால் போன நேரம், அந்த இருவரும் ஒரு குடம் கள்ளை முடித்திருந்தார்கள். கவாத்து என்று கோபால் கையைக் காலை ஆட்டிக் காட்ட, அவர்கள் எழுந்து இடுப்பில் கை வைத்து, முழங்காலை மாற்றி மாற்றி உதைத்து, ஒரு சுற்றுச் சுற்றிக் கைதட்டினார்கள். கோபால் ஒன்றையும் விடாமல் மனதில் வாங்கிக்கொண்டு வந்தான். வெள்ளிக்கிழமைக்குள் பன்னிரண்டு பேருக்கும் அது படிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை பெரிய துரை வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். கொர்னேலிஸ் துரை கத்தினார். பன்னிரண்டு பேரும் படகு தள்ளினார்கள். மறுபடி கத்தினார். வலை வீசி இழுத்தார்கள். மூன்றாவது சத்தத்துக்கு இடுப்பில் கை வைத்து உதைத்து, சுற்றி, ஒரே சமயத்தில் கைதட்டினார்கள். அத்தனை ஒழுங்கை அந்த மணல் அதுவரை கண்டதில்லை.

பெரிய துரையின் தொப்பியில் இருந்த இறகு ஆடியது. அவர் எழுந்து ஏதோ கேட்டார். கொர்னேலிஸ் துரையின் முகம் வெளுத்தது. துளசிங்கம் வேர்வையோடு வந்து கோதண்டத்தின் காதில் சொன்னார்.

"இது எந்த ஊரு கவாத்துனு கேக்குறாரு. கேலி பண்றீங்கனு நெனைக்கிறாரு. பன்னெண்டு பேத்துக்கும் சவுக்கடியாம்."

கோதண்டம் வரிசையைப் பார்த்தான். கோபாலின் கைகள் இன்னும் தட்டியபடியே சேர்ந்திருந்தன. மற்றவர்கள் எப்போதும் போல அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்து என்ன செய்தாலும் அதையே செய்யத் தயாராக இருந்தார்கள். கோதண்டம் கழியைக் கீழே போட்டுவிட்டு ஓரடி முன்னால் வந்தான்.

"சொல்லுங்க ஐயா. பரங்கிங்ககிட்ட நான் கவாத்து கத்துக்கல. கருவாடு வித்தேன். இதெல்லாம் நானா கட்டுனது. இவங்க என்னிய நம்பிப் பண்ணாங்க. அடிக்கிறதுனா என்னிய மட்டும் அடிங்க."

துளசிங்கம் மொழிபெயர்த்தார். பெரிய துரை கோதண்டத்தை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கொர்னேலிஸ் துரை பக்கம் திரும்பி ஏதோ கேட்டார். நாற்பது நாளாக நீ என்ன பார்த்துக்கொண்டிருந்தாய் என்பது போல இருந்தது அந்தக் கேள்வி.

கொர்னேலிஸ் துரை கழுத்தைத் துடைத்தார். பிறகு நெஞ்சில் கை வைத்து நீளமாக ஏதோ சொன்னார். கேட்கக் கேட்கத் துளசிங்கத்தின் கண் கலங்கிவிட்டது.

"மொத நாளே தெரியுமாம், கோதண்டம். கவாத்த யாரு வேணா சொல்லித் தரலாம். உண்மைய அவனேதான் சொல்லணும். அதுக்குத்தான் வாயத் தொறக்காம காத்துக்கினு இருந்தாராம்."

பெரிய துரை கொர்னேலிஸ் துரையின் தோளைத் தட்டினார். கவாத்துச் சொல்லித்தர வேறு ஆளை அனுப்புவதாகவும், இந்தப் பன்னிரண்டு பேருக்கும் கோதண்டமே தலைவன் என்றும் சொல்லிவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் கொர்னேலிஸ் துரை ஓடிவந்து கோதண்டத்தின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவர் கண்ணிலும் நீர் இருந்தது. கோதண்டம் தேம்பித் தேம்பி அழுதான்.

மறுநாள் ஏரியைக் கடந்துபோய் லோகநாயகியை அழைத்து வந்தான். வழியெல்லாம் துரையின் பெருமையைத்தான் சொன்னான். கேட்டவள், அவரை நேரில் பார்த்துக் கும்பிட வேண்டும் என்றாள். நல்ல மடவை மீன்களாகப் பத்து எடுத்துக்கொண்டு இருவரும் துரை வீட்டுச் சமையற்கட்டு வாசலுக்குப் போனார்கள். துரை வெளியே போயிருந்தார். அவருக்குச் சமைத்துப் போடும் பிலோமினாதான் இருந்தாள். பரங்கி வம்சத்துப் பெண். துரை அவளிடம் பரங்கிப் பாஷையில்தான் பேசுவார்.

கோதண்டம் மீனைக் கொடுத்தான். தான் சொன்ன பொய்யை முதல் நாளே கண்டுபிடித்தும், திருந்தட்டும் என்று நாற்பது நாள் காத்திருந்த அந்தப் பெரிய மனசைப் பற்றிச் சொன்னான். லோகநாயகி உள்ளே பார்த்துக் கைகூப்பினாள்.

பிலோமினா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அவுரு கப்பல்ல ரொட்டி சுட்டவருப்பா, நெஜ சார்ஜெண்டு காய்ச்சல்ல போயிட்டாருனு அந்தச் சட்டைய இவருக்கு மாட்டி அனுப்பிட்டாங்க, பாவம், மொத ஆளா நிக்கிறவனுக்குக் கவாத்து தெரியுமாம்னு நீ பண்றத எல்லாம் பாத்து வந்து, இந்த அடுப்பாண்ட நின்னு நாப்பது நாளா வலை வீசிப் பழகிக்கினு இருந்தாரு."