யானைக்கும் ஒரு ஸலாம்

லிவிங்ஸ்டன், ஜாம்பியா
வியாழக்கிழமை மாலை

மதிப்புக்குரிய அண்ணன் சடீக் சாலி அவர்களுக்கு,

தங்கை ருகாயாவின் ஸலாம். இந்தக் கடிதம் கைக்கு வரும் நேரம் உங்கள் ரத்தக் கொதிப்பு இறங்கி, கோபம் அதற்கும் கீழே இறங்கி, ஹலீமா மதினி போட்ட தேநீர் மட்டும் சூடாக இருக்க வேண்டும் என்று படைத்தவனை வேண்டிக்கொள்கிறேன். நாங்கள் இருவரும் சுகம். இருவரும் என்று இன்று தைரியமாக எழுதுகிறேன். திங்கட்கிழமை எழுதியிருந்தால் ஒருவர் என்றுதான் எழுதியிருப்பேனோ என்னவோ. இதையெல்லாம் போனில் சொல்லலாம்தான். ஆனால் என் நிக்காஹ் முடிந்த நாளிலிருந்து என் பெயர் தெரிந்தாலே போனைத் தலையணைக்கு அடியில் வைத்துவிடுகிறீர்கள் என்று மதினி சொன்னார். ஆகவே கடிதம். இன்றிரவே கேப் டவுனுக்குப் பறக்கிற ஒரு விருந்தாளி கையில் கொடுத்தனுப்புகிறேன். இதையும் தலையணைக்கு அடியில் வைக்கலாம், ஆனால் படிக்காமல் உங்களுக்குத் தூக்கம் வராது. எனக்குத் தெரியாதா?

"புருஷன் கமால்தீன் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம் நிம்மதியா இருந்தே. இப்ப எதுக்கு உனக்கு இந்த பஸ் டிரைவர்? அந்த ஆளு எதையோ மறைக்கிறான், நான் முகத்தைப் பாத்தே சொல்றேன்" என்றீர்கள். வலீயாக, பெண்ணுக்குப் பொறுப்பாளராக உட்கார்ந்து என்னைக் கட்டிக்கொடுத்தீர்கள், ஆனால் மையத்து வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தீர்கள். அந்த பஸ் டிரைவர் மாப்பிள்ளை டோயரின் மகள் நஸ்லி பயண நிறுவனத்தில் வேலை செய்கிறாள் அல்லவா, அவள்தான் கல்யாணப் பரிசாக இந்தப் பயணத்தை ஏற்பாடு செய்தாள். ஊரில் ஒரு நாள், குரூகர் காட்டில் மூன்று நாள், பிறகு விக்டோரியா அருவி. எல்லாம் ராஜ உபசாரம். நான் போகும்போதே உங்கள் சொல்லையும் மூட்டை கட்டிக்கொண்டுதான் போனேன். சமோசா டப்பாவைவிட அது கனம்.

முதல் நாள் நம் கேப் டவுனையே சுற்றிப் பார்க்க வேண்டுமாம். அறுபது வருஷமாக நான் வாழ்கிற ஊர். மேல்கூரை இல்லாத சிவப்பு பஸ்ஸில், ஜெர்மன்காரர்களுக்கு நடுவே, காதில் ஊர் விவரம் சொல்கிற ஒரு குழாயைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தோம். டோயருக்கு ஊர் கண்ணில் படவே இல்லை. மலைமேல் ஏறும்போதெல்லாம் "இந்தப் பய கியரைக் கொல்றான், கேட்டியா ருகா, வண்டி அழுவுது" என்று அவர் காலால் தரையை மிதித்துக்கொண்டே வந்தார். அப்புறம் பஸ் நம் போகாப் பேட்டையில் வேல் தெருவுக்குள் திரும்பியது. நீங்கள் வாசற்படியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தீர்கள். நிமிர்ந்து பார்த்தீர்கள். என்னைத்தான் பார்த்தீர்கள். டோயர் எழுந்து நின்று கையைத் தூக்கி ஸலாம் சொன்னார். நீங்கள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினீர்கள். சரியாக அந்த நேரம் என் காதுக்குள் ஒரு பெண், "இந்தப் பகுதி மக்கள் விருந்தோம்பலுக்குப் பேர்போனவர்கள்" என்றாள். ஜெர்மன்காரர்கள் நம் வீட்டுக் கதவை ஆளுக்கு நாலு படம் எடுத்தார்கள். டோயர் உட்கார்ந்து, "கதவு பெயின்ட்டு நல்லாருக்கு" என்றார்.

காட்டு விடுதியில் எங்களுக்குக் கொடுத்தது அறை இல்லை, ஒரு தனி மாளிகை. படுக்கையில் ரோஜா இதழ், வெளியே பலகைத் தளம், அதில் எங்கள் இருவருக்கென்றே ஒரு குட்டிக் குளம். ஹலால் சாப்பாடு என்று நஸ்லி சொல்லிவைத்திருந்தாள். சமையல்காரருக்கு அது புரிந்தது, ஆனால் அளவுக்கு மீறிப் புரிந்தது. எதைக் கொடுத்தால் தப்பாகிவிடுமோ என்று பயந்துபோய் மூன்று வேளையும் அவித்த முட்டையும் அவித்த உருளைக்கிழங்கும் வெள்ளித் தட்டில் மூடி வைத்து அனுப்பினார். நான் கொண்டுபோன சமோசாவும் பாகில் ஊறிய கூசிஸ்டரும் காப்பாற்றும் என்று நினைத்தேன். குளித்துவிட்டு வந்து பார்த்தால் கொசுவலைக்குள், ரோஜா இதழ்களுக்கு நடுவே, ஒரு குரங்கு புதுப்பெண் மாதிரி உட்கார்ந்து என் கூசிஸ்டரைப் பிட்டுத் தின்கிறது. என்னைப் பார்த்ததும் வலையை இழுத்துப் போர்த்திக்கொண்டது. டோயர் "பாவம், சாப்பிட்டுப் போகட்டும்" என்கிறார். கமால்தீனாக இருந்தால் செருப்பால் அடித்திருப்பார். குரங்கையா என்னையா என்பது வேறு விஷயம்.

மிருகம் பார்க்க எங்களைக் கூட்டிப்போனவர் நியிகோ என்கிற ஷங்கான் இனத்து ஆள். பொறுமையின் சிகரம். அந்தப் பொறுமைக்கும் டோயர் சோதனை வைத்தார். முன்சீட்டில் ஏறிக்கொண்டு "ரெண்டாவது போடு தம்பி, பள்ளம் வருது" என்று சொல்லிக்கொண்டே வந்தார். பாதைக்கு நடுவில் ஒரு சிங்கம் குடும்பத்தோடு படுத்திருந்தது. எல்லாரும் மூச்சை அடக்கிக்கொண்டிருக்கும்போது இவர், "ஹாரன் அடி தம்பி, பஸ் ஸ்டாப்ல நாயும் இப்படித்தான் படுத்துக்கும்" என்றார். நியிகோ திரும்பிப் பார்த்து, "அப்பா, ஹாரன் அடிச்சா அது எந்திரிக்கும். எந்திரிச்சு நேரா உங்ககிட்டதான் வரும். பரவாயில்லையா?" என்று கேட்டார். இவர் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டார்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். திங்கட்கிழமை விடியற்காலை. டோயர் சுபுஹுத் தொழுகைக்காகப் பாயை வெளியே பலகைத் தளத்தில் விரித்தார். நான் தொழுதுவிட்டு உள்ளே காபி போட்டுக்கொண்டிருந்தேன். நடுவில் கண்ணாடிக் கதவு. நிமிர்ந்து பார்க்கிறேன், குளத்துக்குப் பக்கத்தில் முன்பு இல்லாத ஒரு சுவர் நிற்கிறது. அந்தச் சுவருக்குக் காது இருக்கிறது. அண்ணா, அது யானை. டோயருக்கு இடது பக்கம், நம் வீட்டு அடுப்படிக்கும் கூடத்துக்கும் இடையில் இருக்கிற தூரம்கூட இல்லை. குளத்துத் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. சத்தம் இவருக்குக் கேட்காமல் இல்லை. நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து காபி உறிஞ்சுகிறேன் என்று நினைத்தாராம்! பிறகு சொன்னார். கத்தக் கூடாது, ஓடக் கூடாது என்று நியிகோ படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். எனக்குக் கத்த வரவும் இல்லை. மனசுக்குள் ஒன்றே ஒன்றுதான் ஓடியது: இன்னொரு முறை என்னால் மையத்துக்கு வெள்ளைத் துணி வாங்கப் போக முடியாது, ரப்பே, இவரை எனக்கு இப்போதுதானே கொடுத்தாய்.

தொழுகை முடிகிற கட்டம். வலது பக்கம் திரும்பி ஸலாம் சொன்னார். அங்கே ஒன்றும் இல்லை. இடது பக்கம் திரும்பி "அஸ்ஸலாமு அலைக்கும்" என்றார். யானையின் முகத்துக்கு நேராக. அது உறிஞ்சுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தது. இவர் அதைப் பார்த்தார். பிறகு மெள்ள மெள்ள முகத்தை நேராகத் திருப்பி, அப்படியே நெற்றி பாயில் பட ஸஜ்தாவில் விழுந்தார். சுபுஹுக்குப் பிறகு உபரித் தொழுகை கிடையாதே என்று நீங்கள் சட்டம் பேசுவீர்கள். அங்கே வந்து யானையிடம் பேசுங்கள். அது தும்பிக்கையை நீட்டி அவர் முதுகைத் தடவியது. தொப்பியை எடுத்து முகர்ந்து பார்த்தது, பிடிக்கவில்லை போலிருக்கிறது, குளத்தில் போட்டது. மிச்சத் தண்ணீரையும் குடித்து முடித்துவிட்டு, மளிகைக் கடையில் சாமான் வாங்கிவிட்டுப் போகிறவள் மாதிரி ஆடி அசைந்து போய்விட்டது.

நான் கதவைத் திறந்து ஓடினேன். அவர் எழவில்லை. செத்தேன் என்று நினைத்தேன். "கால் மரத்துப்போச்சு ருகா, தூக்கு" என்றார். தூக்கப் போய் நானும் அவர் மேல் விழுந்தேன். நனைந்த பலகையில் இரண்டு கிழங்களும் உட்கார்ந்துகொண்டு சிரிக்கிறோமா அழுகிறோமா என்று தெரியாமல் கிடந்தோம்.

"ஸஜ்தாவுல அவ்வளவு நேரம் என்ன கேட்டீங்க?" என்றேன்.

"நீ கதவைத் தொறந்துடக் கூடாதுன்னு கேட்டேன். நீ தொறப்பே. உன்னைப் பத்தி எனக்குத் தெரியும்."

அண்ணா, உயிர் போகிற நேரத்தில் தனக்காக ஒன்றும் கேட்காத மனுஷன்.

ஆனாலும் நீங்கள் போட்ட விதை விடவில்லை. இரண்டு நாளைக்கு ஒரு முறை ஒரு சின்னத் தோல்பையை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்வார். அரை மணி ஆகும். கேட்டால், "வயிறு சரியில்ல" என்பார். அவித்த முட்டைக்கு வயிறு அப்படிப் பண்ணாது. ஏதாவது நோயோ, நமக்குத் தெரியாத மருந்தோ என்று நான் கருகினேன். யானைக்குக்கூட அவ்வளவு பயப்படவில்லை.

நேற்று அருவிக்குப் போனோம். ஆறே எழுந்து நின்று விழுகிற மாதிரி இருக்கிறது. சாரல் கீழிருந்து மேலே வருகிறது. மழைக்கோட்டு கொடுத்தார்கள், ஆனால் டோயர் மூச்சு முட்டுகிறது என்று தலைமூடியைத் தள்ளிவிட்டுக் கம்பியோரம் போய் நின்றார். திரும்பினார் பாருங்கள்! நெற்றியிலிருந்து கன்னம், கன்னத்திலிருந்து தாடி, தாடியிலிருந்து வெள்ளைச் சட்டை, எங்கும் கரும் ஆறு ஓடுகிறது. பக்கத்தில் நின்ற ஒரு பெண்மணி வீல் என்று கத்திவிட்டார். தலை பஞ்சு மாதிரி வெள்ளை. தோல்பை, தாழ்ப்பாள், வயிற்றுவலி எல்லாம் எனக்கு ஒரே நொடியில் விளங்கிவிட்டது.

"மையா?" என்றேன்.

"பொண்ணு கேட்டு வந்த அன்னிக்கு உங்க அண்ணன் என்னை மேலேருந்து கீழ வரைக்கும் பாத்தாரே. கெழவனுக்குக் குடுக்க மாட்டேன்னு சொல்லிடுவாரோன்னு பயம். வயசு உண்மைதான் சொன்னேன் ருகா. முடி மட்டும்தான் பொய்."

நான் சிரித்த சிரிப்பில் அருவிச் சத்தம் கேட்கவில்லை. அவர் மறைத்தது அவ்வளவுதான் அண்ணா. நீங்கள் சொன்னது சரி, மறைத்தார். யாருக்குப் பயந்து என்பதை மட்டும் நீங்கள் கண்டுபிடிக்கவில்லை. தோல்பையில் இருந்த மை பாட்டிலை நானே குப்பையில் போட்டேன். வெள்ளைத் தலையோடு இரவுச் சாப்பாட்டுக்கு வந்தார். பரிசாரகர் முதல் முறையாக அவருக்கு நாற்காலி இழுத்துப் போட்டார்.

என் மனசு இப்போது கழுவி விட்ட முற்றம் மாதிரி இருக்கிறது. நாளை மதியம் விமானம். சாயங்காலம் ஆத்லோனில் எங்கள் வீட்டில் கால் நீட்டி உட்கார்ந்துவிடுவேன். அதற்கப்புறம் எங்களை எந்த வண்டியிலும் எவராலும் ஏற்ற முடியாது. காடும் போதும், தண்ணீரும் போதும், ரோஜா இதழும் போதும். ஞாயிற்றுக்கிழமை பிரியாணி. மதினியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். மதினிக்கு என் ஸலாம், பிள்ளைகளுக்கு முத்தம். உங்கள் ஆயுள் நீள, ரத்தம் அடங்க, என்றும் துஆ செய்யும்

உங்கள் தங்கை
ருகாயா ஹென்ட்ரிக்ஸ்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது டோயர் மூச்சு வாங்க ஓடி வந்தார். நேற்று விடுதியில் பாடிய தேவாலயப் பாடகர் குழு நாளை கேப் டவுன் கிளம்புகிறதாம். அவர்களுடைய டிரைவருக்குக் குடல்வால் வீங்கி ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்களாம். "ருகா, புது வண்டி! ஆறு கியர்!" என்றார். "சரின்னு சொல்லிட்டு வந்துட்டீங்களா?" என்று கேட்டேன். "இல்ல இல்ல, ஸ்டியரிங்கைத் தொட்டுட்டு மட்டும்தான் வந்தேன்" என்றார். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு என்ன சொல்வது? விமானச் சீட்டை ரத்துசெய்தாயிற்று. அவர் பஸ் ஓட்ட, நாற்பது பேரோடு சாலை வழியாக வருகிறோம். ஆகவே ஞாயிற்றுக்கிழமை பிரியாணி கிடையாது. விமான நிலையத்துக்கும் யாரையும் அனுப்ப வேண்டாம். வழி முழுக்கப் பாட்டு உண்டாம். குழுத் தலைவி ம்வேம்பா அம்மா என்னைப் பாடச் சொல்லிக் கேட்டுவிட்டு, மேல்சுருதி நன்றாக நிற்கிறது என்று இரண்டாம் வரிசையில் இடம் போட்டிருக்கிறார். இதை இமாமிடம் சொல்ல வேண்டாம்.