நூலில் விளைந்த கற்கண்டு

இனி என் நாக்குக்கு நானே ராஜா என்று ஒரு திங்கட்கிழமை தீர்மானித்தேன். எனக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிந்ததிலிருந்து என் மனைவி கிருஷ்ணம்மா சர்க்கரை டப்பாவை அலமாரியில் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். காப்பி கசந்தது. உலகமே கசந்தது.

ஸ்கெலட்டன் என்ற பக்கத்துக் குடியிருப்பில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்கு அவள் போன நேரம் பார்த்து, திருட்டுத்தனமாக வாங்கிய சர்க்கரையைக் கொதிநீரில் கரையுமட்டும் கரைத்தேன். பாட்டிலில் ஊற்றி, ஒரு நூலைத் தொங்கவிட்டு, ஜன்னலில் வைத்தேன். ஆற ஆற நூலில் கற்கண்டு கட்டும். எறும்புக்குப் பயந்து பாட்டிலைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்தினேன்.

"இன்னாங்க இது?" என்றாள், வந்ததும்.

"படிகாரம். வளக்கறேன்."

"அதான் கடையில விக்கிறாங்களே, எதுக்கு வளக்கணும்?"

"இது சயின்ஸ். சுடுதண்ணியில எல்லாம் கலந்து கெடக்கும். ஆறசொல்ல, அததும் தன் இனத்தோட சேந்து தனியாப் பிரியும். அழுக்கு தண்ணியிலயே நின்னுடும். நம்ம சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்துக்கு அடியில வெள்ளைக்கல்லு அப்படித்தான் உண்டாச்சு. பாறை வெடிப்புல சுடுதண்ணி ஏறி, ஆறி, கல்லு கட்டி, தங்கமும் அதுல ஒதுங்கிச்சி."

"ஓஹோ" என்று பாட்டிலையும் தட்டையும் பார்த்துவிட்டுப் போனாள். சயின்ஸ் ஜெயித்தது என்று நினைத்தேன்.

நூலில் முதலில் ஒரு பொட்டு. அதன்மேல் இன்னொன்று. சுரங்க ஷாஃப்டில் இறங்கி வேலை பார்த்த காலத்தில் எனக்குக் கல்லை உடைக்கத்தான் தெரியும். அது எப்படி வளர்ந்தது என்று யோசித்ததே இல்லை. அவசரமே இல்லாமல், தன்னோடு சேராததை விலக்கிவிட்டு ஒன்று வளர்வதைப் பார்க்க ஆச்சரியமாக இருந்தது. தின்ன மனசு வரவில்லை. இன்னும் கொஞ்சம் வளரட்டும் என்று தள்ளிப்போட்டேன். அதுதான் தப்பு.

ஞாயிற்றுக்கிழமை டேங்கர் தண்ணீர் செம்மண் நிறத்தில் வந்தது. எங்கள் லைன் வீடுகளில் அதில் படிகாரக் கட்டியைச் சுழற்றி, தெளியவைத்துத்தான் புழங்குவோம். கடைசிக் குடத்தை டிரம்மில் ஊற்றிவிட்டு நிமிர்ந்தால், நூலில் தொங்கும் கட்டியோடு கிருஷ்ணம்மா. பின்னால் பக்கத்து வீட்டு ஜெயசீலி.

"நகருங்க. நீங்க வளத்த படிகாரம் டிரம்முக்கு ஆவட்டும்."

"அது வேணாம். கடையில வாங்கியாறேன்."

"வூட்லயே வெச்சிகினு எதுக்கு கடைக்கு?"

"சின்னக் கட்டி. பத்தாது."

"முழுசாக் கரைச்சா பத்தும்."

கட்டி தண்ணீரைத் தொட்டது. எனக்கு உயிரே போயிற்று.

"கிருஷ்ணம்மா, நிறுத்து. அது படிகாரம் இல்ல, கற்கண்டு. உனக்குத் தெரியாம சக்கரை வாங்கிக் காய்ச்சினேன்."

அவள் நிறுத்தவில்லை. நிதானமாகச் சுழற்றிக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரத்தில் மண் திரண்டு கீழே இறங்கத் தொடங்கியது. கற்கண்டுக்கு மண் இறங்காதே என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"இது ஆண்டர்சன்பேட்டையில வாங்கின படிகாரங்க," என்றாள். "உங்களுத நீங்க டேங்கர்கிட்ட நிக்கசொல்லவே நானும் ஜெயசீலியும் காப்பியில போட்டுக் குடிச்சிட்டோம். நல்லாத்தான் வெளஞ்சிருந்திச்சி."