பிள்ளையார் சொன்ன வேட்பாளர்

இந்த முறை என் வீட்டில் ஒரே கட்சிதான் என்று தீர்மானித்தேன். கோயில் பரிபாலன சபைக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து அதை அறிவித்தும் விட்டேன். வீட்டில் அறிவிக்கவில்லை. அதற்கு வேறு வகைத் துணிச்சல் வேண்டும்.

எல்லாம் கணபதியால் வந்தது. கண்டி மாநகர சபைத் தேர்தலில் எங்கள் வட்டாரத்தில் அவர் நின்றார். தேர்தல் என்று பேச்சு வந்ததுமே அவர் நெற்றியில் திருநீறு அகலத் தொடங்கியது. வேட்புமனு கொடுத்த அன்று புருவம் மறைந்தது. "இந்து ஓட்டு இந்துவுக்கே" என்றார். போன வெசாக்குக்குப் பௌத்தர்களின் அன்னதானத் தன்சலில் அகப்பை பிடித்துச் சோறு போட்டபோது இதை அவர் சொல்லவில்லை. கோபுரத் திருப்பணிக்கென்று சீமெந்து மூட்டைகளை இறக்கினார். பிறகு என் தோளில் கை போட்டார்.

"ராஜரத்தினம், அடுத்த கோயில் சபைத் தலைவர் நீங்கதான். பாதிப் பேரு என் ஆளுங்க. ஆனா ஒங்க வீட்டு ஓட்டே வரலைன்னா நான் எந்த மொகத்தோட ஒங்க பேரைச் சொல்றது?"

தலைவர்! தேர்த் திருவிழாவில் முதல் மாலை. கோபுர வாசலில் பெயர் பொறித்த கல். நான் சின்னப் பலசரக்குக் கடைக்காரன். இதுவரை என் பெயரை அச்சில் போட்டு மரியாதை செய்தது மின்சார சபை மட்டும்தான். அதுவும் மாதாமாதம் பில்லில்.

என் வீட்டில் நாலு ஓட்டு. நான், மனைவி நிரோஷினி, மாமியார், பேராதனையில் படிக்கும் மகள் தனுஜா. அதாவது என் ஓட்டு ஒன்று, நிரோஷினியின் ஓட்டு மூன்று.

"நிரோ, கணபதிக்குப் போட்டுடு."

"எதுக்கு?"

"நம்ம சாமியக் கும்பிடுறவரு."

"நம்ம சாமியத்தான் பால்காரரும் கும்பிடுறாரு. பால் எப்படி இருக்கு?"

"அது வேற விஷயம்."

"பால்ல கெடக்கிற தண்ணியாவது கொழாயில வருதா? நம்ம மேட்டுக்குத் தண்ணி ஏறாம நாம தவிச்சப்ப பவுசர்ல தண்ணி புடிச்சிக் கொண்டாந்தது யாரு?"

ஹார்ட்வெயார் கடை அஸ்ஃபர். அவரும் வேட்பாளர். மேட்டின் அடிவாரத்தில் கடை.

"அவரு பள்ளிவாசலுக்குப் போறவரும்மா."

"போகட்டுமே. சாமி கும்பிட நான் குருக்கள்கிட்ட போறேன். கொழாய்க்கு கொழாய் தெரிஞ்சவருகிட்ட போறேன். நீங்க வேணும்னா கொழாய்க்கும் குருக்களைக் கூட்டிட்டு வாங்க."

"கோபுரத்தை ஒசத்தப் போறாருடி!"

"கோபுரம் ஒசரமாத்தான் இருக்கு. நம்ம தண்ணித் தாங்கிதான் காலியா இருக்கு."

பேச்சில் இவளை வென்றவர் கண்டி மாவட்டத்திலேயே இல்லை. ஆகவே கடைசி ஆயுதத்தை எடுத்தேன்.

"சரி. பிள்ளையார்கிட்ட பூக்கட்டிப் பார்த்துருவோம்."

இரண்டு வாழையிலைத் துண்டு. ஒன்றில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்புப் பூ. கட்டிச் சாமி முன்னால் வைக்க வேண்டும். குருக்கள் ஒன்றை எடுத்துப் பிரிப்பார். வந்த நிறம்தான் உத்தரவு. இதில் எங்கள் குடும்பத்துக்குப் பெரிய நம்பிக்கை. என் கல்யாணமே அப்படி நடந்ததுதான். "அந்தப் பொண்ணுக்கு வாய் நீளம்" என்று கேள்விப்பட்டு, பெண்ணைப் பார்க்காமலே அம்மா மறுத்தாள். கடைசியில் கோயில் வாசலில் வீரம்மாக்காவின் பூக்கடையில் பொட்டலம் கட்டி வாங்கிப் பிள்ளையார் முன் வைத்தாள். சிவப்பு வந்தது. சிவப்பென்றால் சம்மதம். அதற்குப் பிறகு அம்மா வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை, ஆனால் அது கல்யாணத்துக்குப் பிறகு.

"வெள்ளை வந்தா கணபதி, செவப்பு வந்தா அஸ்ஃபர்" என்றேன். "எது வந்தாலும் வீட்டு ஓட்டு நாலும் அதுக்குத்தான்."

"ஒங்க ஓட்டும்?"

"என் ஓட்டும்."

"பிள்ளையார் மேல சத்தியமா?"

"சத்தியமா."

உடனே சம்மதித்தாள். அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். கழுத்தில் முதல் மாலை விழுந்த நினைப்பில் இருந்தவனுக்குச் சந்தேகம் எங்கே வரும்?

மறுநாள் காலையில் இரண்டு பொட்டலத்திலும் மல்லிகையையே வைத்துக் கட்டினேன். இதை மோசடி என்று சொல்லக் கூடாது. பிள்ளையாருக்கு எங்கள் வட்டார அரசியல் தெரியாது. அவருக்குச் சிரமம் வைக்காமல் நானே முடிவெடுத்துக் கொடுத்தேன், அவ்வளவுதான். பொட்டலங்களை அர்ச்சனைத் தட்டில் வைத்துவிட்டு முகம் வழிக்கப் போனேன்.

கோயிலில் குருக்கள் மந்திரம் சொன்னார். ஒன்றை எடுத்தார். பிரித்தார்.

சிவப்பு! செவ்வரத்தம் பூ. நாக்கை நீட்டிக்கொண்டு என்னைப் பார்த்தது.

"முடியாது!" என்று கத்திவிட்டேன்.

"ஏன் முடியாது?" என்றார் குருக்கள்.

"ஒண்ணுல செவப்புதானேங்க கட்டினீங்க?" என்றாள் நிரோஷினி, பச்சைக் குழந்தை முகத்தோடு.

சந்நிதியில் நின்று என்ன சொல்வது? "ஆமா... ஒண்ணுல செவப்புதான்."

"மத்ததையும் பிரிச்சுக் காட்டவா?" என்றார் குருக்கள்.

"வேணாம் சாமி, உத்தரவு கெடச்ச பெறகு சோதிக்கக் கூடாது" என்று அதை எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

நான் வைத்தது இரண்டும் வெள்ளை. பிரித்தால் சிவப்பு. பிள்ளையாரே கட்சி மாறிவிட்டார்!

வாக்குச் சாவடியில் கணபதியின் சின்னத்தைப் பார்த்தேன். கண்ணை மூடினேன். தும்பிக்கை தெரிந்தது. அஸ்ஃபரின் கட்சிக்குப் புள்ளடி போட்டேன். வெளியே கணபதி என் விரல் மையைப் பார்த்து நெகிழ்ந்து கட்டிப் பிடித்தார். அவர் திருநீறு முழுவதும் என் சட்டைக்கு வந்தது.

அஸ்ஃபர் வென்றார். வெற்றி ஊர்வலத்தை மேட்டுக்கு ஏற்றவில்லை, இரண்டு குழாய்க்காரர்களை ஏற்றினார். எங்கள் தெருவே தன்னைக் கைவிட்டதென்று கணபதி சீமெந்தைத் திருப்பி ஏற்றிக்கொண்டு போனார். கோபுரம் இருந்த உயரத்திலேயே இருந்தது. தலைவர் பதவி சபை உறுப்பினர் செல்லச்சாமிக்குப் போனது. மைக்கும்தான்.

மேட்டுக்குத் தண்ணீர் வந்த அன்று நிரோஷினி குழாயடியில் வாளி வைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு மனசு தாங்கவில்லை.

"நிரோ, ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு நான் ரெண்டுலயும் மல்லிகைதான் வச்சேன். பிள்ளையார் அதைச் செவப்பாக்கிட்டாரு. அற்புதம்!"

அவள் உள்ளே போய்க் கைப்பையோடு வந்தாள். காய்ந்துபோன வாழையிலைப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். அதற்குள்ளும் செவ்வரத்தம் பூ, சருகாய்க் கிடந்தது.

"இதையுமா ஆக்கிட்டாரு?" என்றேன் பக்தியோடு.

"அவருக்கு வேற வேலை இல்லியா? நீங்க மொகம் வழிக்கப் போனப்ப நான்தான் பிரிச்சு மாத்திக் கட்டினேன்."

"புருஷன் மேல அவ்வளவுதான் நம்பிக்கையா?"

"முழு நம்பிக்கை இருந்துச்சுங்க. ரெண்டும் வெள்ளையாத்தான் இருக்கும்னு."

கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். பதவி போயிற்று. அற்புதமும் போயிற்று. மிச்சமிருந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டேன்.

"போகட்டும். நம்ம கல்யாணமாவது சாமி பார்த்து நடத்தினது. அந்தப் பொட்டலத்துல யாரும் கை வைக்கல."

நிரோஷினி குழாயை மூடினாள். வாளியைத் தூக்கி இடுப்பில் வைத்தாள்.

"அன்னிக்கு வீரம்மாக்கா கடையில ஒக்காந்து அத்தைக்குப் பொட்டலம் கட்டிக் குடுத்தது யாருன்னு நெனைச்சீங்க?"