அசோகரின் குதிரை

டிவி முன்னால் ரயில்வே மாமா இருந்தார். அவர் மனைவி கமலா அத்தை இருந்தார். எதிர்வீட்டு ராணி அக்கா, மடியில் அவள் கைக்குழந்தை. தரையில் நான். மொட்டை மாடியில் ஆண்டெனாவைப் பிடித்துக்கொண்டு என் தம்பி சேகர். (அவனும் டிவி பார்க்க வந்தவன்தான். படம்தான் பார்த்ததில்லை.)

ஸ்ரீரங்கத்தில் எங்கள் சந்துக்கு அப்போது ஒரே டிவி. மாமா வீட்டில். ஞாயிறு காலையில் சரித்திரக் கார்ட்டூன் வரும். ஒரு பையன் ஆமை முதுகில் ஏறுவான். ஆமை அவனைப் பழைய ராஜாக்கள் காலத்துக்குக் கொண்டுபோகும். எல்லாம் ஹிந்தி. எங்களுக்குத் தெரியாது. மாமா வடக்கே இட்டார்சியில் ரயில்வே வேலை பார்த்தவர். அவர் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, நாங்கள் கேட்போம்.

எனக்கு அது விளையாட்டு இல்லை. எட்டாம் வகுப்பு. "சரித்திரத்துல பெயிலானா கடைக்கு வந்துடு" என்று அப்பா சொல்லியிருந்தார். வாழை இலைக் கடை. முப்பத்தைந்து வாங்கினால் பள்ளிக்கூடம், இல்லாவிட்டால் இலைக்கட்டு. புத்தகத்தைத் திறந்தால் எனக்குத் தூக்கம் வரும். கார்ட்டூன் போதும் என்று இருந்துவிட்டேன். (அவ்வளவு அறிவு.)

அன்று அசோகர். போர்க்களம். திரை முழுக்கப் புள்ளி. கீழே கிடந்ததில் ஒரு குதிரைதான் தெளிவாகத் தெரிந்தது. அசோகர் மண்டியிட்டு அழுதார்.

"ஏன் மாமா அழுவுறாரு?"

"குதிரை செத்துப் போச்சும்மா. குட்டியிலேர்ந்து வளத்தது."

மொட்டைத்தலைக்காரர் ஒருவர் வந்து ஏதோ சொன்னார்.

"இவரு யாரு?"

"மாட்டு வைத்தியரு. ஒண்ணும் பண்ண முடியாதுங்கிறாரு."

அசோகர் வாளைக் கீழே போட்டார். பிறகு ஒரு கல்தூண் நட்டார்.

"குதிரை ஞாபகத்துக்கு," என்றார் மாமா.

"மேல சிங்கம்ல இருக்கு?" என்றார் அத்தை.

"சிற்பிக்குக் குதிரை வரல. நீ பேசாம பாரு."

ராணி அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும்.

முழுப் பரீட்சையில் அதே கேள்வி வந்தது. அசோகர் போரை ஏன் கைவிட்டார்? குதிரை செத்ததை எழுதினேன். வைத்தியரையும் விடவில்லை. சிங்கத்துக்கும் காரணம் எழுதினேன். வாழ்க்கையில் நான் கூடுதல் தாள் கேட்டு வாங்கியது அந்த ஒரு தடவைதான்.

திருத்தி முடித்த டீச்சர் அதை வகுப்பில் சத்தமாகப் படித்தார். பெஞ்சு அதிரச் சிரித்தார்கள்.

"இந்தக் குதிரை எங்கேயிருந்துடி வந்துச்சு?"

"டிவியில டீச்சர்."

பெயில். செய்தி சந்துக்கு வந்து சேர்ந்தது. சாயங்காலம் மாமா அத்தையோடு கடைக்கு வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"அண்ணே, புள்ளையைத் திட்டாதீங்க. எனக்கு ஹிந்தி தெரியாது."

அப்பா இலை நறுக்குவதை நிறுத்தினார்.

"இட்டார்சியில அத்தனை வருஷம் இருந்தீங்களே?"

"தண்டவாளம் போடுற எங்க கேங்க்ல பூரா நம்ம ஊரு ஆளுங்கண்ணே."

"அப்ப எனக்கு ஹிந்திப் பாட்டுன்னு பாடினது?" என்றார் அத்தை.

மாமா அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"மொத வாரமே தெரியாதுன்னு சொல்லியிருக்கணும். எல்லாரும் என் மூஞ்சியையே பாத்தீங்க. வாய் வரல. புள்ள இன்னொரு வருஷம் படிக்கட்டும்ணே. புஸ்தகம் நான் வாங்கித் தர்றேன்."

அப்பா என்னைப் பார்த்தார்.

"புஸ்தகம் இருந்துச்சுல்ல? தொறந்தியா?"

"இல்லப்பா."

"சரி. அந்தக் கத்தியை எடு."

எடுத்தேன். இப்போது கடை என்னுடையது. மாமா சாகும்வரை இலை என்னிடம்தான் வாங்கினார். ஒருநாளும் பேரம் பேசவில்லை.

என் மகளின் புத்தகத்தில் பிற்பாடு பார்த்தேன். ஆயிரமாயிரம் பேர் செத்ததைப் பார்த்து அசோகர் மனம் மாறினாராம். இருக்கலாம். ஆயிரம் என்றால் எனக்குக் கல்யாண ஆர்டர்தான் ஞாபகம் வருகிறது. குதிரை என்றால் இன்றைக்கும் கண்ணைத் துடைத்துக்கொள்கிறேன்.

எங்கள் வீட்டில் யாராவது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், "என்ன, குதிரை செத்துப் போச்சா?" என்பான் சேகர். அதற்குமேல் உம்மென்று இருக்க முடியாது. போன தீபாவளிக்கும் கேட்டான். எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு மகள் கேட்டாள்.

"ஏம்மா, அவ்வளவு எழுதினியே, டீச்சர் எவ்வளவு போட்டாங்க?"

"அந்தக் கேள்விக்கு முட்டை."

"மொத்தம்?"

முப்பத்து நான்கு.