எடைக்கு ஒருத்தி

"சோளமூட்டை சரிப்படலை."

புறப்பட்ட கால் மணி நேரத்தில் கண்ணாடிக்காரர் திரும்பி வந்துவிட்டார். மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் ஒரு புறாக்கூட்டமே வந்து இறங்கியது. வண்டியின் பக்கவாட்டில் பூட்டிய சைடுகாரில் கிடந்த மூட்டையில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை.

"நல்லாத் தைச்சுத்தானே குடுத்தேன்!" என்றாள் அவர் மனைவி, தையல் மெஷினை நிறுத்தாமல்.

ஒவ்வொரு வசந்தத்திலும் அவர் சமவெளிக்கு அப்பாலுள்ள ஊர்களுக்குப் போய், கண் சோதித்து மூக்குக்கண்ணாடி மாட்டிவிட்டு வருவார். வழியெல்லாம் வெட்டவெளி, பேய்க்காற்று. சைடுகார் காலியாக இருந்தால் வளைவில் தூக்கிக்கொள்ளும், வண்டி கவிழ்ந்துவிடும் என்று அவர் சொன்ன நாளிலிருந்து, இருபத்திரண்டு வருடமாக எடைக்காக அவளும் கூடப் போனாள். இந்த வருடம் முடியாது. விடுதிக்குப் பதினோரு திரைச்சீலைகள் நாளைக் காலையில் போயாக வேண்டும். தவறினால் அந்த வேலை வேறு கைக்குப் போய்விடும்.

அடுத்து மணல்மூட்டை. அரை மணியில் கண் சிவந்து திரும்பினார்.

"முடிச்சு அவுந்துடுச்சும்மா. மணல் பூரா என் மூஞ்சிலதான்."

"நான் போட்ட முடிச்சு அவுறாதுங்க!"

"அது காத்துக்குத் தெரியலையே."

மூன்றாவது, தண்ணீர் டிரம். சட்டை சொட்டச் சொட்ட வந்து நின்றார்.

"மூடி பறந்துடுச்சு. இத்தனை வருஷத்துல நீ ஒரு தடவையாவது என் மேல தளும்பியிருக்கியா?"

"பொங்கியிருக்கேன்."

இதற்கு மேல் பொறுக்க முடியாது. முடிக்காத மூன்று திரைச்சீலைகளையும் ஊசிநூலையும் அள்ளிக்கொண்டு சைடுகாரில் ஏறினாள்.

"வழியில ஒரு வார்த்தை பேசக் கூடாது. நான் தைக்கணும். ராத்திரிக்குள்ள வீடு திரும்பிடணும்."

"வாயே தொறக்க மாட்டேன்."

ஊர் தாண்டியதும் திறந்தார். "அங்க பாரு, மஞ்சப்பூ! போன வருஷம் இந்தப் பக்கம்தானே பூத்துச்சு?"

புல்வெளி அலையலையாய்ப் படுத்து எழுந்தது. அவள் பூவைப் பார்த்தாள். ஊசி விரலைப் பார்த்தது. 'ஆ' என்று கையை உதறிய கணத்தில் காற்று திரைச்சீலையைப் பிடுங்கி அவர் முகத்தில் சுற்றியது.

"எனக்கு ஒண்ணும் தெரியலை! நீயே வழி சொல்லு!"

"இடது! ஐயோ, என் இடது இல்லைங்க, உங்க இடது!"

"ரெண்டும் ஒண்ணுதான்டி!"

வண்டி புல்லில் இறங்கி நின்றது. திரைச்சீலையின் மறுமுனை சக்கரத்துக்குள் சிக்கியிருந்தது. சாலையோரப் பட்டறை வரை இருவருமாகத் தள்ளினார்கள். அந்த வண்டியை ஆரம்பத்திலிருந்தே பார்த்துவரும் மெக்கானிக், துணியை மெல்ல உருவி எடுத்தார். ஓரம் முழுக்கக் கிரீஸ்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மடிச்சு அடிச்சா மறைஞ்சுடும். இப்பவே வீட்டுக்குப் போனா முடிச்சிடுவேன். அதோ வர்ற பால்வண்டியில நான் போயிடறேன். அண்ணே, எனக்குப் பதிலா கனமா ஏதாவது இரும்பு வெச்சு இவரை அனுப்புங்க. மனுஷன் கவுந்துடப் போறாரு."

கண்ணாடிக்காரர் அவசரமாக வானத்தை ஆராயத் தொடங்கினார்.

மெக்கானிக் கையைத் துடைத்தபடி அவளைப் பார்த்தார்.

"இன்னும் எதுக்கு இரும்பு தங்கச்சி? உங்க கல்யாணத்துக்கு முந்தின மாசமே சைடுகார் சீட்டுக்கு அடியில அறுபது கிலோ தகடு வெச்சு முடுக்கிட்டுப் போனாரே!"