பேர் சொல்லிக் கூப்பிடும் போன்

திருவண்ணாமலையில் டப்பாவைப் போல எரிச்சல் மூட்டும் ஆள் இன்னொருத்தர் பிறக்கப் போவதில்லை. வேங்கிக்காலில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். போனை எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடிக்கொண்டுதான் தெருவில் இறங்குவார்; அதனால்தான் அந்தப் பேர். மூடினால் சிக்னல் போகாது; யார் அழைத்தாலும் கிடைக்க மாட்டார். அப்புறம் எதற்கய்யா போன்?

பஸ் ஸ்டாண்டில் ஓசி வைஃபையில் படம் பார்க்கிறவன் கையிலிருந்து போனைப் பிடுங்குவார். ஒரு கல்யாண மண்டபத்தில் வைஃபையை நிறுத்த மெயினையே அணைத்துவிட்டார். இருட்டில் தாலி கட்டினார்கள்.

“போன் சும்மா இருக்காதுடா. முன்னாடி சேர்ந்த வைஃபை பேரையெல்லாம் கூப்பிட்டுட்டே வரும். எவனாவது திருடன் ‘நான்தான்’னு சொன்னா, மூஞ்சியப் பாக்காம அவன்கூடப் போயிடும். அப்புறம் உள்ள இருக்கறதெல்லாம் அவன் கையில. பழைய பேரையெல்லாம் ‘மறந்துவிடு’ன்னு அழுத்து!”

“மொதல்ல உங்களத்தான்ணா மறக்கணும்” என்றேன்.

ஒரு பௌர்ணமியன்று அவருடன் மலை சுற்றிக்கொண்டிருந்தேன். அடி அண்ணாமலை தாண்டும்போது பார்க்கிறேன், என் போனில் பாஸ்வேர்டே போடாத என் வீட்டு வைஃபை. வீடோ மலைக்கு அந்தப் பக்கம். கொஞ்ச தூரம் நடந்தோம். வீடும் கூடவே நடந்து வந்தது.

“சொன்னேன்ல? கூட்டத்துல எவனோ நம்ம கூடவே வரான்” என்று என் போனை அணைத்தார். “எனக்கு இன்னா காட்டுதுன்னு பாக்கலாம்” என்று டப்பாவைத் திறந்தார்.

திரையில் ஒரே ஒரு பேர். ‘சரசு’.

போன வருஷம் இறந்துபோன அவர் மனைவி. அண்ணி தன் போனின் ஹாட்ஸ்பாட்டுக்குக் கடைசிவரை பாஸ்வேர்டு போடவில்லை. அவர்களுக்குள் நடந்த ஒரே சண்டை அதுதான். அண்ணி பேசிய ஆடியோ எல்லாம் இந்த போனில்தான் இருந்தன.

‘இணைகிறது’ என்று சுழன்றது.

“ணா, அது அண்ணி இல்ல, திருட்டுப் பய! மறந்துவிடுன்னு அழுத்துங்க!”

அவர் விரல் அந்த எழுத்துக்கு மேலேயே நின்றது. சட்டென்று போனை டப்பாவில் போட்டு மூடியை அறைந்தார்.

“திருடன்னு எனக்குத் தெரியாதாடா? ஆனா இது இன்னும் அவளக் கூப்பிட்டுட்டே இருக்குதே. மறந்துடுன்னு நான் எப்படிடா சொல்லுவேன்?”

சுற்றிலும் ஆயிரம் முகங்கள். அதில் ஒருத்தன் ‘நான்தான் சரசு’ என்று சொல்லிக்கொண்டே கூட வருகிறான். நாசமாய்ப் போகிறவன்.

டப்பா இன்னும் தெருவில் கத்திக்கொண்டுதான் இருக்கிறார். பௌர்ணமிக்கு அவருடைய போன் டப்பாவை நான்தான் தூக்கி வருகிறேன். மூடி கொஞ்சம் லூசாகிவிட்டது. மலை சுற்றி முடிக்கும்வரை கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொள்வேன்.